எக்ஸ்ரே மாணவர்களுக்கு பொசிஷனிங் (படத்துக்காக நோயாளியைச் சரியான நிலையில் நிறுத்துவது) பிடிபட எப்படிச் சொல்லித் தருவது?

கேள்வி – கடலூர்க்காரர்
ரேடியோகிராபி முதலாண்டு மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு எடுக்கப் போகிறேன். கேவி (கதிரின் ஊடுருவும் வேகம்), எம்ஏஎஸ் (கதிரின் அளவு) எண்களை ஒப்பிக்கிறார்கள். நோயாளி வந்து நின்றால் கை ஓடுவதில்லை. செஸ்ட் பிஏ (முதுகுப் பக்கமிருந்து கதிர் பாய்ச்சி எடுக்கும் மார்புப் படம்) கூட சரியாக வராமல் ரிப்பீட் ஆகிறது. எங்கிருந்து தொடங்கலாம்?

பதில் – முத்தியால்பேட்டை
சார், ஒரு பொசிஷனை நான்கு தடவையாகப் பிரியுங்கள். முதலில் பேசாமல் செய்து காட்டுங்கள். அடுத்து ஒவ்வொரு அசைவுக்கும் காரணம் சொல்லிச் செய்யுங்கள். மூன்றாவது, மாணவர் சொல்லச் சொல்ல நீங்கள் செய்யுங்கள். பிறகுதான் அவர் செய்ய வேண்டும். நேரமில்லை என்று பலரும் விட்டுவிடுவது மூன்றாவதைத்தான். புரியாதது வெளியே வருவதும் அங்கேதான். “தோளை முன்னால தள்ளணும்” என்பார். ஏன் என்று கேளுங்கள். தோள்பட்டை எலும்பு நுரையீரல் மேல் விழாமல் விலகத்தான் என்று வாயால் சொன்னால் மறக்காது. சக மாணவரை நிறுத்திப் பழகலாம், எக்ஸ்போஷர் (கதிர் பாய்ச்சுவது) மட்டும் கூடவே கூடாது.

பதில் – லாஸ்பேட்டை
ரிப்பீட் ஆன படங்களே நல்ல பாடம். பெயர், எண்ணை மறைத்துச் சேர்த்து வையுங்கள். காறை எலும்புகளின் (காலர் போன்) உள்முனைகள் முதுகெலும்பு முள்ளிலிருந்து சம தூரத்தில் இல்லையா? உடல் திரும்பியிருக்கிறது. உதரவிதானத்துக்கு மேல் பின்பக்க விலா எலும்பு 9 அல்லது 10 தெரியவில்லையா? மூச்சு போதவில்லை, இதயம் பெரிதாகவும் நுரையீரலின் அடிப்பகுதி வெளுத்தும் தெரிந்து இல்லாத நோயைக் காட்டும். பெரும்பாலும் காரணம் அவசரம்: நோயாளி மூச்சை இழுத்து முடிப்பதற்குள் பட்டனை அழுத்திவிடுகிறார்கள். “இழுங்க, விடுங்க, மறுபடி நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க” என்று சொல்லப் பழக்குங்கள். இரண்டாவது மூச்சு பொதுவாக ஆழமாக வரும்.

நோயாளி முன் மாணவரைத் திட்டாதீர்கள். நீங்கள் “ஒரு நிமிஷம்” என்றால் மாணவர் கையை எடுத்துவிட வேண்டும் என்று முன்பே பேசி வையுங்கள்.

பதில் – நெல்லிக்குப்பம்
டிஜிட்டலில் எக்ஸ்போஷர் குறைந்தால் படம் புள்ளி புள்ளியாகிக் காட்டிக்கொடுக்கும்; கூடினால் படம் அழகாகவே இருக்கும், நோயாளிக்கு அதிக டோஸ் (கதிர் அளவு) போனது தெரியாது. ஒவ்வொரு படத்திலும் எக்ஸ்போஷர் இண்டெக்ஸை (படம் பதிவாகும் தட்டில் எவ்வளவு கதிர் விழுந்தது என்று மெஷின் காட்டும் எண்) படிக்க வையுங்கள். சில சிஸ்டங்களில் அந்த எண் ஏறினால் டோஸ் குறைவு என்று பொருள், உங்கள் மெஷினில் எப்படி என்று முதலில் பாருங்கள். தண்ணீர் நிரப்பிய கேனை வைத்து 70 கேவி 10 எம்ஏஎஸ், 80 கேவி 5 எம்ஏஎஸ் என்று இரண்டு படம் எடுங்கள். இண்டெக்ஸ் ஏறக்குறைய அப்படியே நிற்கும். கேவி சுமார் 15 சதவீதம் ஏறினால் எம்ஏஎஸ் பாதி போதும் என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

கடலூர்க்காரர்
நன்றி. 12 பேருக்கு ஒரே அறை. மூன்றாவது தடவைக்கு நேரம் எப்படி?

முத்தியால்பேட்டை
மூன்று மூன்று பேராக விடுங்கள் சார். ஒருவர் சொல்ல, ஒருவர் செய்ய, மற்றவர் விடுபட்டதைக் குறிக்கட்டும். செய்பவர் தானாகத் திருத்தக் கூடாது. தவறாகச் சொன்னால் தவறாகவே செய்யட்டும்.