குறைந்த செலவில் மூழ்கிய கப்பல் டைவிங்: போய் வந்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

திருவான்மியூர்:

மூழ்கிய கப்பலைச் சுற்றி டைவ் அடிப்பது பணக்காரர்கள் விளையாட்டு என்று ஒதுங்கிப் போகிறவர்கள் நம்மில் நிறைய. கணக்குப் போட்டுப் பார்த்தால் பணத்தைத் தின்பது இரண்டு விஷயங்கள்தான், படகும் ஆழமும். இந்த இரண்டும் தேவைப்படாத கப்பல் ஒன்று பாலித் தீவில் இருக்கிறது. வடகிழக்குக் கரையில் துலாம்பென் என்கிற சின்ன ஊர். கப்பலின் பெயர் லிபர்ட்டி, நீளம் ஏறத்தாழ 120 மீட்டர். கரையிலிருந்து இறங்கிக் கொஞ்ச தூரம் நீந்தினால் கப்பல் வந்துவிடும்.

அது கரைக்கு இவ்வளவு பக்கத்தில் கிடப்பதற்கு ஒரு கதை உண்டு. 1918ல் கட்டிய அமெரிக்கச் சரக்குக் கப்பல் அது. 1942 ஜனவரி 11 அன்று ரப்பரும் ரயில் பாகங்களும் ஏற்றிக்கொண்டு வந்தபோது லொம்போக் பக்கத்தில் ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று அதை அடித்தது. இரண்டு போர்க்கப்பல்கள் சிங்கராஜா துறைமுகத்தை நோக்கி இழுத்துப் போகப் பார்த்தன. தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்ததால், சரக்காவது மிஞ்சட்டும் என்று துலாம்பென் கரையில் தரைதட்ட விட்டுவிட்டார்கள். இருபது வருஷத்துக்கு மேல் கரையிலேயே கிடந்தது. 1963ல் ஆகுங் எரிமலை வெடித்தபோது வந்த அதிர்வில் கடலுக்குள் சரிந்தது. அந்தச் சரிவுதான் நமக்குப் படகு வாடகையை மிச்சப்படுத்திக் கொடுத்திருக்கிறது.

இப்போது ஆழத்துக்கு வருகிறேன். கப்பலின் மேல் பகுதி 5 மீட்டரிலேயே தொடங்குகிறது, அடிப்பகுதி 30 மீட்டர் வாக்கில். 30 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல நான்கு மடங்கு, 10 மீட்டரில் இரண்டு மடங்கு. அதாவது ஒரே சிலிண்டர் 10 மீட்டரில் தாக்குப்பிடிக்கும் நேரத்தில் பாதிதான் 30 மீட்டரில். டைவிங் சான்றிதழ் கொடுக்கிற பாடி (PADI) நிறுவனத்தின் அட்டவணையை எடுத்தால், முதல் டைவில் அதிகபட்சம் இருக்கக்கூடிய நேரம் 30 மீட்டரில் 20 நிமிடம், 18 மீட்டரில் 56 நிமிடம், 12 மீட்டரில் 147 நிமிடம். டைவ் கடைக்காரர் எந்த ஆழத்துக்கும் ஒரே விலைதான் சொல்கிறார். ‘ஒரு டைவ் எவ்வளவு’ என்பதை விட்டுவிட்டு ‘தண்ணீருக்குள் ஒரு நிமிடம் எவ்வளவு’ என்று பார்க்கத் தொடங்கினால், ஆழமான கப்பல்களில் பாதி பட்டியலிலிருந்து தானாகக் கழன்றுவிடும். ஓப்பன் வாட்டர் என்கிற ஆரம்பநிலைச் சான்றிதழ் மட்டும் வைத்திருப்பவருக்கு எல்லை 18 மீட்டர். லிபர்ட்டியில் அந்த எல்லைக்குள்ளேயே பார்க்க வேண்டியதில் பெரும்பகுதி கிடைத்துவிடும், அதற்காக அட்வான்ஸ்டு கோர்ஸ் எடுக்க வேண்டியதில்லை.

செலவு விவரம் கேட்பீர்கள். இந்தியர்களுக்குப் போய் இறங்கியதும் விசா உண்டு: 5 லட்சம் இந்தோனேசிய ரூபியா, 30 நாள். 2024 பிப்ரவரியிலிருந்து பாலி அரசு தனியாக 1.5 லட்சம் ரூபியா வரி வாங்குகிறது. வழிகாட்டியோடு ஒரு டைவ் 5 லட்சத்தைச் சுற்றி இருக்கும், கடைக்குக் கடை மாறும். சென்னையிலிருந்து கோலாலம்பூர் மாறிப் போகிற மலிவு விமானங்களில் லக்கேஜை டிக்கெட்டோடு ஆன்லைனிலேயே வாங்கிவிடுங்கள், கவுன்ட்டரில் கேட்டால் தாளித்துவிடுவார்கள். மாஸ்க், டைவ் கம்ப்யூட்டர், பூட்டி (டைவிங் காலணி), சிக்னல் பலூன் மட்டும் சொந்தமாகக் கொண்டுபோனேன். மிதவை ஜாக்கெட், மூச்சு விடுகிற ரெகுலேட்டர் எல்லாம் அங்கே வாடகைக்கு.

பூட்டி விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். துலாம்பென் கரையில் மணல் கிடையாது. உருண்டை உருண்டையான கருங்கல், அதன்மேல் அலை. தடித்த அடி வைத்த பூட்டியும், குதிகால் திறந்த, வார் மாட்டுகிற துடுப்பும் வேண்டும். வெறுங்காலில் மாட்டுகிற துடுப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் கல்லில் தள்ளாடியவர்களைப் பார்த்திருக்கிறேன். நாம் இப்படித் தடுமாறும்போது, ஊர்ப் பெண்கள் தலையில் சிலிண்டரை வைத்துக்கொண்டு ரப்பர் செருப்போடு அதே கல்மேல் சாதாரணமாக நடந்து போகிறார்கள். சுமைக்கூலி டைவ் விலையிலேயே சேர்ந்திருந்தாலும் கையில் கொஞ்சம் கொடுங்கள். பட்ஜெட் என்று சொல்லி அங்கே கஞ்சத்தனம் வேண்டாம்.

தெற்கு பாலியில் ஒரு கடையில் ‘ஒரே நாளில் துலாம்பென்’ என்று பேக்கேஜ் சொன்னார்கள். வேனில் போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். போய்ச் சேரும்போது எல்லா வேன்களும் ஒன்றாக வந்து இறங்கியிருக்கும், கப்பலைச் சுற்றி மீனைவிட மனிதர்கள் அதிகம். அதை விட்டுவிட்டுத் துலாம்பெனிலேயே ஒரு சாதாரண அறை எடுத்தேன். இரண்டு இரவு அறை வாடகையும் சேர்த்து அந்த வேன் பேக்கேஜைவிடக் குறைவாகவே முடிந்தது. அதைவிட முக்கியம், விடியற்காலையில் இறங்க முடிந்தது. ஆறு மணிக்கு உள்ளே போனால் பம்ப்ஹெட் என்கிற பெரிய கிளிமீன்கள் கூட்டமாக இருக்கும். ராத்திரி கப்பலில்தான் தூங்குகின்றன. நெற்றி புடைத்து, ஒவ்வொன்றும் ஒரு மீட்டருக்கு மேல், எருமை மந்தை மாதிரி அவசரமே இல்லாமல் நம்மைக் கடந்து போகும். வெயில் ஏறினதும் அங்கிருந்து கிளம்பிவிடும். வேனில் வருகிறவர்களுக்கு இது கிடைக்காது. பாரை மீன் கூட்டமும் மணலில் தலை நீட்டுகிற விலாங்குகளும் எந்த நேரத்திலும் உண்டு.

இன்னொன்று: டைவ் முடித்த கையோடு பத்தூர் மலையில் சூரிய உதயம் பார்க்கிற திட்டம் நம்மவர்கள் எல்லோரிடமும் இருக்கிறது. உச்சி 1,700 மீட்டருக்கு மேல். டைவில் உடம்பில் சேர்ந்த நைட்ரஜனோடு மலை ஏறுவதும் விமானம் ஏறுவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மலையை முதலில் முடியுங்கள், கடலை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். பல டைவ் அடித்தபின் விமானத்துக்குக் குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும். கடைசி நாளைச் சும்மா இருக்கிற நாளாகவே பட்ஜெட்டில் எழுதிவிடுங்கள்.

கிள்ளான்:

திருவான்மியூர் சொல்வதில் பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன். கரையோரக் கப்பல்தான் மலிவு, சரி. ஆனால் நிமிடக் கணக்கு மட்டும் பார்த்தால் சில நல்ல கப்பல்களைத் தவறவிடுவீர்கள். எங்கள் மலேசியாவில் லாபுவான் தீவில் நான்கு கப்பல்கள் இருக்கின்றன. இரண்டு உலகப்போர்க் காலத்தவை, இரண்டு 1980களையொட்டி மூழ்கியவை. அதில் சிமெண்ட் ஏற்றி வந்த கப்பல் இன்னும் நிமிர்ந்தே நிற்கிறது, தரை 30 மீட்டர் வாக்கில். லிபர்ட்டி உடைந்து பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது, எது முன்பக்கம் எது பின்பக்கம் என்று வழிகாட்டி காட்டினால்தான் புரியும். இங்கே கப்பல் கப்பலாகவே தெரியும். முதல் தடவை அதன் தளத்துக்கு மேலே மிதந்தபோது எனக்கு வயிறு கலங்கியது, அது வேறு அனுபவம்.

படகுச் செலவை வெல்ல ஒரே வழி ஆள் சேர்ப்பது. இரண்டு பேராகப் போனால் காலி இருக்கைக்கும் சேர்த்து நீங்கள்தான் வெள்ளி (ரிங்கிட்) கட்ட வேண்டும், இல்லையென்றால் ‘ஆள் சேரவில்லை, நாளைக்குப் பார்க்கலாம்’ என்று உட்கார வைத்துவிடுவார்கள். அப்படி உட்கார்ந்து, அறை வாடகை கட்டி, கடையில் பசியாறிக்கொண்டே இரண்டு நாள் போன ஒரு நண்பர் எனக்கு உண்டு. நாங்கள் நான்கு பேர் சேர்ந்து, பள்ளி விடுமுறை இல்லாத வாரம் பார்த்து, முன்கூட்டியே கடைக்குச் சொல்லிவிட்டுப் போனோம், படகு எங்களுக்காகவே கிளம்பியது. நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டிய காற்று) கோர்ஸ் முடித்துவிட்டுப் போங்கள் என்பது என் யோசனை. 32 சதவீத ஆக்சிஜன் கலவையில் 30 மீட்டரில் நிற்கும் நேரம் நன்றாகவே கூடும். கோர்ஸ் கட்டணத்தை இரண்டு மூன்று பயணத்தில் எடுத்துவிடலாம்.

கல்குடா:

இலங்கைக் கிழக்குக் கரையில இருந்து ஒண்டு சொல்லுறன். ஆழத்தில காசு போகும் எண்ட கதை எங்கட கடலில இன்னும் உண்மை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பான் விமானங்கள் மட்டக்களப்புக்கு வெளியே ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலைத் தாட்டதை எல்லாரும் அறிவினம். அண்டைக்கு அதில ஒரு விமானம்கூட இருக்கேல்ல. 307 பேர் செத்தவை. கப்பல் கிடக்கிறது 53 மீட்டர் அளவில, பொழுதுபோக்குச் சுழியோடிகளுக்கு எல்லை 40 மீட்டர். இதுக்குத் தனிப் பயிற்சி வேணும், கலப்பு வாயு வேணும், ஏறும்போது நிண்டு நிண்டு ஏற வேணும். ‘மேலால ஒருக்கா பாத்திட்டு வரலாம்’ எண்டு ஆராவது சொன்னால் கும்பிட்டிட்டு வாங்கோ. சென்னையில இருந்து வந்த ரெண்டு தம்பிமார் அப்பிடித்தான் கேட்டவை. நான் கையைப் பிடிச்சு இருத்தி, பிரிட்டிஷ் சார்ஜன்ட்டைக் காட்டினன்.

அதே நாளில, யப்பான் விமானங்கள் தாட்ட எண்ணெய்க் கப்பல் அது. ரெண்டாய் உடைஞ்சு 25 மீட்டர் பக்கம் கிடக்குது, அட்வான்ஸ்டு சான்றிதழ் இருந்தால் போதும். தம்பிமார் மேல வந்து முகமூடியைக் கழட்ட முதலே ‘அண்ணா, பின்னேரமும் போவமா’ எண்டவை. பின்னேரம் காற்று எழும்பும், கடல் கலங்கும், விடிய வாங்கோ எண்டன்.

வாற ஆக்களுக்கு: மே தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும் நல்ல காலம். வாடை தொடங்கினால் இறங்கேலாது. அந்தக் காலத்தில மலிவாய் அறை கிடைக்குது எண்டு வந்து, கடலைப் பாத்துக்கொண்டு இருந்திட்டுப் போன ஆக்கள் கனபேர். கொழும்பில இருந்து வான் பிடிக்காதேங்கோ, மட்டக்களப்பு ரயில் கல்குடாவிலயே நிக்கும். யாழ்ப்பாணம் பக்கத்தால வாறதெண்டால் நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலையும் பாருங்கோ, ஓடுற நாளை விசாரிச்சிட்டு வெளிக்கிடுங்கோ. கீழ கிடக்கிற ஒரு துருப்பிடிச்ச ஆணியைக்கூட எடுக்காதேங்கோ. துரு கிழிச்சால் சும்மா விடாது, ஏற்பூசியை (டெட்டனஸ் ஊசி) போட்டுக்கொண்டு வாங்கோ.

கோயம்புத்தூர்:

அருமை. எனக்கு ஒரு சந்தேகம். இன்னும் ஓப்பன் வாட்டரே முடிக்கவில்லை. கூட வருகிற என் மனைவிக்கு டைவிங்கில் ஆர்வம் இல்லை, நீந்த மட்டும் தெரியும். இன்சூரன்ஸ் டிக்கெட் போடும்போதே வாங்கினதுதான் இருக்கிறது. இந்த நிலையில் துலாம்பென் போவது வீண் செலவா? கல்குடா அண்ணனிடமும் கேட்கிறேன்.

கல்குடா:

தம்பி, முதல் பயணத்துக்குத் துலாம்பென்தான். சான்றிதழை முடிச்சிட்டு இஞ்சால வாங்கோ.

திருவான்மியூர்:

வீண் இல்லை. மேல் பகுதி 5 மீட்டரில் இருப்பதால் தண்ணீர் தெளிவாக இருக்கிற நாளில் ஸ்நார்க்கல் போட்டுக்கொண்டு மேலே மிதந்தாலே அவருக்குக் கப்பல் தெரியும். தெற்கே பக்கத்து ஊரான அமெத் பக்கம் ஜப்பானியக் கப்பல் என்று சொல்கிற ஒரு சின்னக் கப்பல் இருக்கிறது, அது இன்னும் ஆழம் குறைவு, ஸ்நார்க்கலுக்காகவே வருகிறார்கள். லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கோர்ஸ் விஷயத்தில், பாடப் பகுதியை ஊரிலேயே ஆன்லைனில் முடித்துவிடுங்கள். அங்கே போய் அறைக்குள் உட்கார்ந்து வீடியோ பார்ப்பது வெளிநாட்டு நாளை வீணடிப்பது. தண்ணீர் பயிற்சியைத் துலாம்பெனிலேயே வைத்துக்கொண்டால் கடைசி டைவ்களைக் கப்பலிலேயே செய்ய வைக்கிற பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள், பணம் கட்டும் முன் அதைக் கேட்டு உறுதி செய்யுங்கள். மருத்துவப் படிவத்தையும் இப்போதே டவுன்லோடு செய்து பாருங்கள். ஆஸ்துமா, காது ஆபரேஷன் மாதிரி எதற்காவது ‘ஆம்’ போட வேண்டி வந்தால் டாக்டர் கையெழுத்து வேண்டும், அதை அங்கே போய்த் தேடினால் ஒரு நாள் போய்விடும். கப்பலுக்குள் நுழைவதற்கு ஓப்பன் வாட்டர் அனுமதி கிடையாது. வழிகாட்டி கூப்பிட்டாலும் வெளியிலிருந்தே பாருங்கள், லிபர்ட்டியில் உடைந்து திறந்து கிடக்கிற இடங்களே ஏராளம்.

டிக்கெட்டோடு வருகிற இன்சூரன்ஸை நம்ப வேண்டாம். பாலிசி தாளில் ஸ்கூபா என்ற இடத்தைத் தேடிப் படியுங்கள். நிறைய பாலிசிகள் அதைச் சேர்க்காது, சேர்த்தாலும் ஆழத்துக்கு ஒரு எல்லை வைத்திருக்கும். டென்பசார் அரசு மருத்துவமனையில், டைவிங்கால் வருகிற அழுத்தப் பாதிப்புக்குச் சிகிச்சை தருகிற அழுத்த அறை இருக்கிறது. ஆனால் பாலிசி இல்லாமல் அதற்குள் போனால் இந்தப் பயணத்தில் மிச்சம் பிடித்ததெல்லாம் முதல் நாளிலேயே போய்விடும். டேன் (DAN) மாதிரி டைவர்களுக்கான காப்பீட்டை ஒரு வருஷத்துக்கு எடுத்தால் அடுத்த கல்குடா பயணத்துக்கும் ஆகும். தேதி முடிவானதும் இங்கே எழுதுங்கள், அமெத்திலிருந்து துலாம்பென் வரை பைக் வாடகைக்கு எடுப்பதா, ஆள் வைத்துக்கொள்வதா என்பதை உங்கள் மூட்டை கனத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.