பழைய பெயர், புதிய தயாரிப்பாளர்: ஷ்ரேட் ஓல்டு டைமர் கத்தியில் எது அசல்?

கொற்கை:
அனைவருக்கும் வணக்கம். அமெரிக்க ஷ்ரேட் கத்திகளில், ஓல்டு டைமர் வரிசையைச் சேர்ந்த மூன்று அலகு (வெட்டும் தகடு) கொண்ட மடக்குக் கத்தி ஒன்றை வாங்கலாம் என்று இணையத்தில் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒரே பெயர், ஒரே மாதிரி எண், ஒரே பழுப்பு நிறப் பிடி. ஆனால் ஒருவர் சொல்லும் விலை மற்றவர் சொல்வதைப்போலப் பல மடங்காக இருக்கிறது. கேட்டால், விலை கூடியதுதான் அசல் என்கிறார்கள். இரண்டிலும் ஷ்ரேட் என்றே பொறித்திருக்க, விலை குறைந்ததைப் போலி என்று கொள்வதா? படத்தை மட்டும் பார்த்து வாங்குகிறவர் எதைக் கவனிக்க வேண்டும்?

வைகறை:
போலி அல்ல. அந்தப் பெயருக்குச் சட்டப்படி உரிமை உள்ளவர்களே அதை விற்கிறார்கள்; மாறியிருப்பது கத்தியைச் செய்யும் இடமும் ஆட்களும்தான். நியூயார்க் மாநிலத்தின் எல்லன்வில்லில் இயங்கிவந்த இம்பீரியல் ஷ்ரேட் தொழிற்சாலை 2004-இல் மூடப்பட்டது. அதன் பெயர்களை டென்னசி மாநிலத்து டெய்லர் நிறுவனம் வாங்கி, கத்திகளைச் சீனாவில் செய்வித்து விற்றது. 2016-இல் அந்த டெய்லர் நிறுவனத்தையே ஸ்மித் அண்டு வெஸ்ஸன் வாங்கிக்கொண்டது. எல்லன்வில்லில் ஓல்டு டைமர் செய்து பழகிய கைகளிலிருந்து வேலை வேறு நாட்டுக்குப் போய்விட்டது என்பதே, என்னைப் பொறுத்தவரை, விலை வேறுபாட்டுக்கு முதற்காரணம்.

பெட்டியையும் பிடியையும் விட்டுவிட்டு, அலகு பிடிக்குள் நுழையும் அடிப்பகுதியில் உள்ள பொறிப்பைப் பாருங்கள். பழையவற்றில் ஷ்ரேட் என்ற பெயருடன் யு.எஸ்.ஏ. என்பதும் மாதிரி எண்ணும் இருக்கும். இன்னும் பழையவற்றில் "ஷ்ரேட் வால்டன்" என்று இருக்கும்; தொழிற்சாலை வால்டனிலிருந்து எல்லன்வில்லுக்கு மாறிய பிறகும் பல ஆண்டுகள் அந்தப் பொறிப்பு தொடர்ந்ததால், அதைக் கண்டதும் வால்டனில் செய்தது என்று முடிவுகட்ட வேண்டாம். அமெரிக்காவுக்கு இறக்குமதியாகும் கத்திகளில் செய்த நாட்டின் பெயரை அழியாதபடி பொறிக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். ஆகவே அலகின் இரு பக்கங்களையும் அருகிலிருந்து எடுத்த படங்களை விற்பவரிடம் கேளுங்கள். அனுப்பத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

எஃகும் சாட்சி சொல்லும். எல்லன்வில்லின் ஓல்டு டைமர் மடக்குக் கத்திகள் பெரும்பாலும் 1095 என்னும் உயர்கார்பன் எஃகால் ஆனவை. பழம் நறுக்கிப் புழங்கிய அலகில் நீலமும் சாம்பலும் கலந்த ஒரு கறை திட்டுத்திட்டாகப் படிந்திருக்கும். எண்ணெய் தடவாமல் வைத்தால் துரு ஏறும். சீனத்தில் செய்தவை துருப்பிடிக்காத எஃகு என்பதால் வெளுப்பாகவே இருக்கும். ஆனால் பழைய அலகையும் மெருகேற்றி வெளுப்பாக்கிவிடலாம் என்பதால், பொறிப்புக்குப் பிறகே இதைப் பாருங்கள்.

தாழைமேடு:
வைகறை சொன்ன அடையாளங்களோடு உடன்படுகிறேன். ஆனால் 2004-க்கு முன் பெயரும் தயாரிப்பாளரும் ஒன்றாகவே இருந்தார்கள் என்ற எண்ணம் தோன்றிவிடக் கூடாது. பக் நிறுவனம் 300 வரிசைச் சிறு மடக்குக் கத்திகளை முதலில் தானே செய்யவில்லை; ஷ்ரேட்டும் பிறகு கமிலஸ் என்ற மற்றொரு கத்தி நிறுவனமும் அவற்றைச் செய்து கொடுத்தன. 1982 முதல் பல ஆண்டுகள் ரெமிங்டன் பெயரில் வந்த புல்லட் கத்திகளும் கமிலஸ் செய்தவையே. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க மரைன் படையினர் ஏந்திய கத்தியைப் பல நிறுவனங்கள் செய்தன, அவற்றுள் கமிலஸ் மிகப் பெரியது. ஆயினும் எல்லாவற்றுக்கும், அவற்றுள் வேறொரு நிறுவனத்தின் வணிகப் பெயரான கா-பார் என்பதே ஒட்டிக்கொண்டது. அந்தக் கமிலஸும் 2007-இல் மூடப்பட்டு, பெயர் மட்டும் ஆக்மி யுனைடெட் என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது. பக் பெயரில் உள்ள ஷ்ரேட் வேலைப்பாட்டைச் சேகரிப்பாளர்கள் போலி என்று ஒதுக்குவதில்லை, விரும்பித் தேடுகிறார்கள். எனவே "அசலா?" என்று கேட்பதைவிட, "யார், எந்தக் காலத்தில், எந்த எஃகில் செய்தது?" என்று கேட்டால் விற்பவர் நழுவ முடியாது.

நெய்தல்:
பெயர் ஊரோடு கட்டப்பட்டிருந்தால் நிலைமை வேறு. ஜெர்மனியில், கத்திகளுக்குப் பேர்போன ஊரான சோலிங்கனின் பெயருக்கு 1938 முதலே சட்டப் பாதுகாப்பு உண்டு. முக்கிய வேலைகள் அவ்வட்டாரத்திலேயே நடந்திருந்தால்தான் அதைப் பொறிக்கலாம். ஆனால் போக்கர் நிறுவனத்தைப் பாருங்கள்: சோலிங்கனில் செய்த கத்தியிலும், வெளிநாடுகளில் செய்வித்த போக்கர் பிளஸ் வரிசையிலும் போக்கர் என்ற பெயர் உண்டு. அங்கே நிறுவனத்தின் பெயரைவிட ஊரின் பெயரையே நம்புவேன்.

கொற்கை:
மூவருக்கும் நன்றி. அலகின் இரு பக்கப் படங்களையும் இரு விற்பனையாளர்களிடமும் கேட்டிருக்கிறேன். தினமும் பழம் நறுக்கவும் கயிறு வெட்டவும்தான் எனக்குக் கத்தி தேவை. அவ்வளவுக்கு எல்லன்வில் கத்தியைத் தேடிப்பிடிக்க வேண்டுமா, புதியதே போதுமா?

வைகறை:
அந்த வேலைக்குப் புதியதே போதும். எண்ணெய் தடவும் தொல்லையும் குறைவு. வாங்கியதும் அலகுகளைத் திறந்து மூடி, மூட்டில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.