மாணவர் பதிப்பகத்தில் மிஞ்சிய நான்கு பக்கங்கள்

பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில், மாணவர்களே நடத்திய பதிப்பகம் ஒன்றில் இரண்டு ஆண்டுகள் பணியாற்றினேன். படித்துக் கருத்துச் சொல்வதுதான் வேலை என்று எண்ணிப் போன எனக்கு முதலில் வந்து சேர்ந்தது ஒரு கணக்கு. சிறுகதைத் தொகுப்பு ஒன்றின் பக்க வடிவமைப்பு முடிந்தபோது 164 பக்கங்கள் வந்திருந்தன. ஒரே பெரிய தாளில் சேர்த்து அச்சிடும் 16 பக்கங்கள் ஒரு பாரம். பத்துப் பாரம் 160 பக்கத்தோடு முடிந்துவிட, மிஞ்சிய நான்கு பக்கங்களுக்காகத் தனியே தாள் ஓட்டுவதா, வெற்றுப் பக்கங்களால் பாரத்தை நிரப்புவதா, சுருக்குவதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. எழுத்தளவைக் குறைத்துவிடலாம் என்றேன். மூத்த மாணவி ஒருவர் அதை மறுத்து, ஒவ்வொரு கதையின் கடைசிப் பக்கத்தையும் எடுத்துப் பார்க்கச் சொன்னார். மூன்று கதைகள் புதிய பக்கத்தில் இரண்டே வரிகளோடு முடிந்திருந்தன. கடைசி வரியில் ஒற்றைச் சொல் மட்டும் நிற்கும் பத்திகளைத் தேடிப்பிடித்து, சொல்லிடைவெளியைச் சற்றே இறுக்கியதில் அம்மூன்றும் முன்பக்கத்துக்குள் அடங்கின. நான்காவதாகப் போனது, நான் எழுதிய பதிப்புரையின் இரண்டாம் பக்கம். யாரும் அதைத் தேடவில்லை.

அடுத்த தவற்றுக்கு நானே பொறுப்பு. 160 பக்கம் என்றால் 80 தாள். ஒரு தாளின் பருமன் 0.1 மில்லிமீட்டர் என்று கொண்டு, அட்டையின் முதுகை 8 மில்லிமீட்டருக்கு வடிவமைத்தேன். அச்சுக்குப் போகுமுன் தாள் மாறியது. எடை அதேதான் என்பதால் நான் கவலைப்படவில்லை. ஒரே எடையுள்ள தாள்களும் பருமனில் வேறுபடும் என்பது, கட்டி வந்த நூலைக் கையில் எடுத்தபோதுதான் உறைத்தது. புதிய தாள் 0.13 மில்லிமீட்டர், முதுகு பத்தைத் தாண்டிவிட, முன்னட்டைப் படத்தின் ஓரம் முதுகின் மேல் ஒரு கோடாக ஏறி நின்றது. அதன்பின், அதே தாளில் வெற்று மாதிரி ஒன்றைக் கட்டி அளந்து பார்க்காமல் எந்த அட்டையையும் நான் முடித்ததில்லை.

மறுமொழி:

எங்கள் பதிப்பகத்தில் எனக்குத் தரப்பட்டது, ஆய்வு நூல் ஒன்றுக்குச் சொல்லடைவு, அதாவது எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று காட்டும் கடைசிப் பட்டியல், தயாரிக்கும் வேலை. கணினி அகரவரிசைப்படுத்திய பட்டியலில் 'கௌரவம்' இரண்டு இடங்களில் நின்றது. ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பையும் 'ள' எழுத்தையும் சேர்த்துச் சிலர் தட்டச்சிடுகிறார்கள். தாளில் வேறுபாடு தெரியாது, கணினிக்கோ அவை இரு வேறு சொற்கள். அச்சுக்கு முன் பிழைதிருத்தப் படித்த மூன்று மெய்ப்புகளில் எங்கள் கண்ணுக்குத் தப்பிய பிழை அடைவில் அகப்பட்டது.

இன்னொரு மறுமொழி:

நூலை அடையாளம் காட்டும் எண்ணான ஐ.எஸ்.பி.என். 2007 முதல் 13 இலக்கங்கள் கொண்டது. அவற்றை மாறிமாறி 1 ஆலும் 3 ஆலும் பெருக்கிக் கூட்டினால் 10 இன் மடங்கு வரவேண்டும். எங்கள் நூல் ஒன்றின் பதிப்புரிமைப் பக்கத்தில் அந்த எண்ணைக் கையால் தட்டச்சிட்ட நான், கூட்டிப் பார்த்துச் சரியென்று அனுப்பிவிட்டேன். அடுத்தடுத்து நின்ற 2உம் 7உம் இடம் மாறியிருந்தன. வேறுபாடு 5 ஆக உள்ள இலக்கங்கள் அப்படி மாறினால் இந்தக் கணக்கு கண்டுகொள்ளாது. பின்னட்டைப் பட்டைக் குறியீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த நண்பர்தான் கண்டுபிடித்தார், அதுவும் அச்சேறிய பிறகு.