கிளாசிக்கல் கிறிஸ்தவக் கல்வி: தோட்டப் பகுதியில் சனிக்கிழமை வகுப்பாகத் தொடங்கலாமா?

கேள்வி – டிக்கோயா வாசி

ஸ்தோத்திரம். எங்கள் திருச்சபையில் தரம் 3 முதல் 9 வரை 19 பிள்ளைகள் இருக்கிறார்கள். எல்லோரும் அரச பாடசாலையில் தமிழ் மொழிமூலம் படிப்பவர்கள். இலக்கணம், தர்க்கம், நாவன்மை என்று மூன்று படியாகப் போகும் கிளாசிக்கல் கிறிஸ்தவக் கல்வியை அவர்களுக்குக் கொடுக்க விரும்புகிறோம். இணையத்தில் பார்த்தால் ஏசிசிஎஸ், கிளாசிக்கல் கான்வர்சேஷன்ஸ், மெமோரியா பிரஸ் என்று பல பெயர்கள் வருகின்றன. எது என்ன வேலை செய்கிறது, நமக்கு எது ஒத்துவரும் என்று புரியவில்லை.

சபை மண்டபம் சனிக்கிழமை காலை 3 மணித்தியாலம் கிடைக்கும். கற்பிக்க 4 பேர் உண்டு. இலத்தீன் கட்டாயமா? பெற்றோரில் பாதிப்பேர் தேயிலை மலையில் வேலை செய்பவர்கள். சட்டச் சிக்கல் ஏதும் வருமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1 – ஊவா ஆசிரியர்

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். இலங்கையின் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டப்படி 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்குத் தனியார் புதிதாகப் பாடசாலை திறக்க முடியாது. சர்வதேச பாடசாலைகள் கம்பனிகளாகப் பதிவு செய்துதான் இயங்குகின்றன. கட்டாயக் கல்வியும் இப்போது 16 வயது வரை இருக்கிறது. ஆகவே பிள்ளைகளை அரச பாடசாலையிலிருந்து விலக்கும் எண்ணம் வேண்டாம். சனிக்கிழமை வகுப்பை வகுப்பாகவே நடத்துங்கள். பலகையில் "பாடசாலை" என்று எழுதாதீர்கள். வலயக் கல்வி அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவைப்பதும் நல்லது.

இனி நிறுவனங்கள். நீங்கள் ஒரே வரியில் எழுதிய மூன்றும் மூன்று வேறு வேலை செய்பவை.

ஏசிசிஎஸ் (அசோசியேஷன் ஒஃப் கிளாசிக்கல் கிறிஸ்டியன் ஸ்கூல்ஸ்) என்பது கிளாசிக்கல் கிறிஸ்தவப் பாடசாலைகளின் சங்கம். 1981இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் மாஸ்கோ என்ற ஊரில் தொடங்கிய லோகோஸ் பாடசாலையைப் பார்த்து வளர்ந்த இயக்கம் அது. உறுப்புரிமை, தர அங்கீகாரம், ஆசிரியர் மாநாடு என்பவைதான் அதன் வேலை. முழுநேரப் பாடசாலை இல்லாத உங்களுக்கு அதில் சேர்வதால் பெரிய பயன் கிடையாது.

கிளாசிக்கல் கான்வர்சேஷன்ஸ் 1997இல் வட கரோலினாவில் தொடங்கியது. வீட்டில் படிக்கும் பிள்ளைகள் வாரத்தில் ஒரு நாள் ஒன்றுகூடுவார்கள். 4 முதல் 12 வயதுக்கான அடிப்படைப் பிரிவு 24 வாரம் நடக்கும். ஒரு வழிகாட்டிக்கு 8 பிள்ளைகளுக்கு மேல் கிடையாது. ஒரு நாள், 3 மணித்தியாலம் என்பதைப் பார்த்ததும் நமக்கென்றே செய்தது போலத் தோன்றும். ஆனால் அந்த ஒரு நாள் அறிமுகம் மட்டும்தான். மிச்ச நாள் பாடத்தை வீட்டில் தாயோ தகப்பனோ நடத்த வேண்டும். விடியற்காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கும் கூட்டத்துக்கு) போய், அந்திக் கொழுந்து நிறுத்துவிட்டு வருகிற அம்மாவின் தலையில் அதைக் கட்ட முடியாது. கட்டினால் இரண்டே மாதத்தில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் முன்னே போய்விடுவார்கள், லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) பிள்ளைகள் வாய்மூடி உட்கார்ந்திருப்பார்கள். சபைக்குள் அந்தப் பிளவு வரவே கூடாது. இது தவிர, அவர்களுடைய பாடங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. குழு நடத்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் வேண்டும். எழுத்துமூல அனுமதியில்லாமல் மொழிபெயர்த்து அச்சடிக்கவும் கூடாது.

மெமோரியா பிரஸ் ஒரு பதிப்பகம். 1994இல் தொடங்கியது. புத்தகத்தை வாங்கி உங்கள் வேகத்தில் நடத்தலாம், யாரோடும் சேரத் தேவையில்லை.

கத்தோலிக்கக் குடும்பங்களும் வரப்போகின்றன என்றால் ஒன்றைக் கவனியுங்கள். ஏசிசிஎஸ்ஸின் விசுவாச அறிக்கை புரொட்டஸ்தாந்து சபைகளின் போக்கில் அமைந்தது. கத்தோலிக்கரிடையே இதே பணியைச் செய்வது இன்ஸ்டிடியூட் ஃபார் கத்தோலிக் லிபரல் எடியுகேஷன்.

என் கருத்து: எந்த நிறுவனத்திலும் சேர வேண்டாம். 24 வாரம், 8 பிள்ளைக்கு ஒரு வழிகாட்டி என்ற இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தவணைக்கு 8 சனிக்கிழமை வைத்தால் மூன்று தவணையில் 24 சரியாக வரும். தவணைப் பரீட்சை வாரங்களை விட்டுவிடலாம். உங்கள் பக்கம் ஜூன், ஜூலையில் மழை ஊற்றும்போது தூரத்து டிவிசன் (தோட்டப் பிரிவு) பிள்ளைகள் வரமாட்டார்கள். அந்த வாரங்களில் புதுப் பாடம் வேண்டாம், மீட்டல் மட்டும் செய்யுங்கள்.

பதில் 2 – நன்னூல் வாசகர்

இலத்தீன் கட்டாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் வருடம் வேண்டாம். அமெரிக்கப் பிள்ளைக்கு இலத்தீன் ஏன் கொடுக்கிறார்கள்? ஆங்கிலத்தில் வேற்றுமை உருபு அநேகமாக அழிந்துவிட்டது. சொல்லின் கடைசி மாறினால் பொருள் மாறும் என்பதே அந்தப் பிள்ளைக்குப் புதிது. நம் பிள்ளை அதை வாயிலேயே வைத்திருக்கிறது. "ரோசாவைச் சிறுமி கொண்டுபோகிறாள்" என்றாலும் "சிறுமி ரோசாவைக் கொண்டுபோகிறாள்" என்றாலும் யார் எதைக் கொண்டுபோகிறார் என்று தரம் 3 பிள்ளைகூடச் சொல்லும். ஆகவே இலக்கணப் படியை எட்டு வேற்றுமையில் தொடங்குங்கள். முதல் தவணை முழுக்க அதற்கே கொடுத்தாலும் தகும்.

இரண்டாம் வருடம் தரம் 6க்கு மேற்பட்டோருக்கு இலத்தீன் சேர்க்கலாம். மெமோரியா பிரஸ்ஸின் ஆரம்பப் புத்தகம் பிரிமா லத்தீனா 25 பாடம், பாடத்துக்கு 5 சொல். வாரம் ஒரு பாடம் என்று போனால் வருடத்துக்கு அளவாக இருக்கும்.

எங்கே சறுக்கும் என்று சொல்கிறேன். இலத்தீனில் 'மேசை' என்பது மென்ஸ. அதன் ஒருமை வடிவங்களைப் பழைய உரோம உச்சரிப்பில் ஒப்பித்தால் மென்ஸ, மென்ஸை, மென்ஸை, மென்ஸம், மென்ஸா என்று வரும். தமிழ்ப் பிள்ளையின் காதுக்கு "மென்ஸை" இரண்டாம் வேற்றுமை போலக் கேட்கும். உண்மையில் அது "மேசையினுடைய" அல்லது "மேசைக்கு". "மேசையை" என்பது மென்ஸம். இந்தக் குழப்பம் ஒருமுறை பதிந்துவிட்டால் திருத்த மாதக்கணக்காகும். திருச்சபை உச்சரிப்பில் அதே வடிவம் "மென்ஸே" என்று ஒலிக்கும், அதனால் இந்தச் சிக்கல் எழாது. மெமோரியா பிரஸ் ஒலிப்பதிவுகளும் திருச்சபை உச்சரிப்பில்தான் இருக்கின்றன. அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இலத்தீன் வேற்றுமைகளுக்கு எண் கொடுக்காதீர்கள். அவர்கள் இரண்டாவதாக ஒப்பிப்பது நமக்கு ஆறாம் வேற்றுமை. "ஐ உருபு", "கு உருபு", "உடைய உருபு" என்று தமிழ் உருபின் பெயராலேயே கூப்பிடுங்கள். கடைசியில் வரும் மென்ஸா நம் ஆல், இன், கண் மூன்றின் வேலையையும் முன்னிடைச் சொற்களின் துணையோடு செய்கிறது. அதை எல்லாவற்றுக்கும் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

நமக்கு ஒரு வசதியும் இருக்கிறது. மென்ஸ, மென்ஸா என்ற குறில் நெடில் வேறுபாட்டை ஆங்கிலப் புத்தகம் எழுத்தின் மேல் கோடு போட்டுக் காட்டும். நம் பிள்ளை கால் போட்டு எழுதிவிடும். முதல் நாளே பலகையில் மென்ஸ, மேசா, மேசை என்று மூன்றையும் எழுதுங்கள். இலத்தீன் சொல் போர்த்துக்கேயர் வாயில் மேசாவாகி, தமிழில் மேசையாக வந்து உட்கார்ந்திருக்கிறது. கையை வைத்திருக்கும் பலகையின் பெயரே இலத்தீன் என்று தெரிந்தால் அந்தப் பாஷை அந்நியமாக இராது.

கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் 1893இல் தொடங்கிய பாப்பரசர் குருமடத்தில் இலத்தீன் பயின்றார்கள். அந்தக் குருமடம் 1955இல் பூனாவுக்கு மாறியது. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினறி தமிழையும் ஆங்கிலத்தையும் தர்க்கத்தையும் சேர்த்துக் கற்பித்தது. நம் நாட்டில் இது புதிய யோசனை அல்ல.

டிக்கோயா வாசி

மிக்க நன்றி ஐயா. உச்சரிப்பு விஷயத்தை நாங்கள் யோசிக்கவே இல்லை. மனப்பாடம், வரலாற்றுக் காலக்கோடு, தர்க்கம் மூன்றையும் நடைமுறையில் எப்படிச் செய்வது என்றும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 3 – அளவை

மனப்பாடத்துக்கு வாரம் ஐந்து விடயம் போதும்: ஒரு வேதவசனம், ஓர் இலக்கண விதி, ஒரு வாய்ப்பாடு, ஒரு வரலாற்று வாக்கியம், வரைபடத்தில் ஓர் இடம். ஒவ்வொன்றும் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கும் நீளத்தில் இருக்கட்டும். அதைவிட நீண்டால் பிள்ளைகள் வால்பகுதியை விழுங்கிவிடுவார்கள். வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத குறைக்கு நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை முறை இருக்கிறதே! ஒவ்வொரு லயத்திலும் தரம் 8, 9 பிள்ளை ஒருவரிடம் அட்டைகளைக் கொடுத்து, பின்னேரம் 15 நிமிடம் சின்னவர்களிடம் ஒப்பிக்கக் கேட்கச் சொல்லுங்கள். பெரியவருக்கும் மீட்டலாகும். ஆறு வாரத்துக்கொரு முறை பழையதை முழுக்கத் திருப்பிக் கேளுங்கள். அது இல்லாவிட்டால் 24ஆம் வாரத்தில் முதல் வாரம் காணாமல் போயிருக்கும்.

காலக்கோட்டுக்கு மண்டபச் சுவரில் கயிறு கட்டுங்கள். கி.மு. 2000 முதல் கி.பி. 2000 வரை, 10 வருடத்துக்கு 1 சென்ரிமீற்றர் என்றால் 4 மீற்றர். உடுப்புக் கிளிப்பால் அட்டைகளை மாட்டலாம். நிக்கேயா சங்கம் 325, போர்த்துக்கேயர் வருகை 1505 என்று போகும்வரை பிரச்சினை இல்லை. கண்டி வீழ்ந்த 1815, லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்ட 1867 என்று வந்தால் இடைவெளி 5 சென்ரிமீற்றர்தான், அட்டை ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும். ஆகவே 1500க்குப் பிறகு இரண்டாவது கயிறு கட்டுங்கள். வருடத்துக்கு 1 சென்ரிமீற்றர், மொத்தம் 5 மீற்றர். அதில் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948 சட்டமும், அவர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் தனித்தனியாகத் தெரியும். இந்த இரண்டாவது கயிற்றை எந்த அமெரிக்க நிறுவனமும் உங்களுக்குத் தராது, நீங்களே கட்டியாக வேண்டும்.

வரலாற்றுப் புத்தகங்களைப் பிள்ளைகளுக்குக் கொடுக்குமுன் பெரியவர்கள் முழுதாக வாசியுங்கள். லோகோஸ் பாடசாலையைத் தொடங்கியவர்களில் ஒருவரான டக்ளஸ் வில்சன் 1996இல் இன்னொருவரோடு சேர்ந்து வெளியிட்ட ஒரு சிறு நூல், அமெரிக்கத் தென்பகுதியின் அடிமைமுறையை மென்மையாகக் காட்டியதற்காகக் கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும்போது இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

தர்க்கம் தரம் 8இலிருந்து. தரையில் சோக்கட்டியால் பெரிய வட்டம் ஒன்று போடுங்கள், அதற்குள் சிறியது ஒன்று. பெரியது காலையில் பெரட்டுக்களத்துக்கு வருவோர், சிறியது கொழுந்து பறிப்போர். "கொழுந்து பறிப்போர் எல்லோரும் பெரட்டுக்களத்துக்கு வருவர். இவர் பெரட்டுக்களத்துக்கு வந்தார். ஆகவே இவர் கொழுந்து பறிப்பவர்." பிள்ளைகள் சரி என்பார்கள். இப்போது ஒருவரைக் கங்காணியாக்கி (கொழுந்து பறிக்காமல் வேலையை மேற்பார்ப்பவர்), சிறிய வட்டத்துக்கு வெளியே, பெரிய வட்டத்துக்கு உள்ளே நிறுத்துங்கள். இரண்டு எடுகூற்றும் (முடிவுக்கு ஆதாரமான கூற்றுகள்) உண்மை, முடிவு மட்டும் பொய் என்பதைக் கண்ணால் பார்த்துவிடுவார்கள். பெரட்டுக்களத்துக்கு வரும் எல்லோரையும் பற்றி எந்த எடுகூற்றும் பேசவில்லை, பிழை அங்கேதான். நியாயத்தொடை (இரண்டு எடுகூற்றும் ஒரு முடிவும் சேர்ந்த வாதம்), நடுப்பதம் (இரண்டு எடுகூற்றிலும் வரும் பதம்) என்ற பெயர்களை அதற்குப் பிறகு சொல்லுங்கள். முதலில் சொன்னால் பெயர்தான் நிற்கும். உயர்தரக் கலைப்பிரிவில் அளவையியலும் விஞ்ஞானமுறையும் ஒரு பாடம் என்பதால், இந்த உழைப்பு பரீட்சைக்கும் உதவும். பெற்றோரிடம் அதை எடுத்துச் சொல்லுங்கள்.

ஒரு திருத்தமும் வேண்டும். இலக்கணம் சின்ன வயதுக்கு, தர்க்கம் நடு வயதுக்கு, நாவன்மை பெரிய வயதுக்கு என்ற பிரிப்பு ஐரோப்பிய இடைக்காலத்திலிருந்து வந்ததல்ல. ஆங்கில எழுத்தாளர் டொரத்தி சேயர்ஸ் 1947இல் ஒக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரையில் முன்வைத்த யோசனை அது. இடைக்காலத்தில் அவை மூன்று கலைகள், வயதுப் படிகள் அல்ல. எனவே தரம் 4 பிள்ளை "ஏன்?" என்று கேட்டால், உன் படி இன்னும் வரவில்லை என்று அடக்காதீர்கள். அந்தக் கேள்விக்கு அன்றைக்கே பதில் சொல்லுங்கள்.

பதில் 4 – ஊவா ஆசிரியர்

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். தரம் 5 பிள்ளைகளை அந்த வருடம் சேர்க்காதீர்கள். சனிக்கிழமை டியூசனோடு மோதும், பெற்றோர் நடுவில் நிறுத்துவார்கள், அதைப் பார்த்து மற்றவர்களும் தளருவார்கள். பரீட்சை முடிந்த கையோடு அவர்களை எடுங்கள். முதல் வருடத்துக்கு இரண்டு குழு, தரம் 3, 4இல் 8 பேர், தரம் 6, 7இல் 8 பேர் போதும். குழுவுக்கு இரண்டு பெரியவர்கள் எப்போதும் கூட இருக்கட்டும், ஒருவர் மட்டும் பிள்ளைகளோடு தனித்து இருக்க வேண்டாம். தரம் 8, 9 பிள்ளைகளைச் சட்டாம்பிள்ளையாகச் சேர்த்து, அவர்களுக்கான தர்க்க வகுப்பை மற்றவர்கள் போன பிறகு 40 நிமிடம் வைத்துக்கொள்ளலாம்.