பொருள்: உலோகங்காட்டிச் சுருளுக்கு இடும் உறை – ‘தேயுறை’ என்ற முன்மொழிவு

குழுமத்தாருக்கு வணக்கம்.

உலோகங்காட்டியின் தேடுசுருளுக்கு அடியில் மாட்டும் பிளாஸ்ரிக் உறைக்குத் தமிழில் என்ன பெயர் இடுவது என்ற இந்த இழையில் சுருள்மூடி, சுருளுறை, சுருட்கவசம், அடியுறை, தேய்தகடு ஆகிய சொற்கள் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. இவற்றுள் சுருட்கவசத்துக்கே ஆதரவு மிகுந்திருக்கிறது. அந்தச் சொல்லை நாம் ஏற்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இந்த உறையை மாட்டலாமா, மாட்டினால் எப்படிப் பேண வேண்டும் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் பெயரை முடிவு செய்தால், களப்பணியாளருக்கான தமிழ்க் கையேட்டில் ஏறும் அந்தப் பெயரே பயிலுநரைத் தவறான வழக்கத்துக்குப் பழக்கிவிடும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

வட்டமான அல்லது முட்டை வடிவான ஒரு பிளாஸ்ரிக் கூட்டினுள் செப்புக் கம்பியாலான செலுத்து சுருளும் ஏற்கும் சுருளும், ஒன்றன் புலத்தை மற்றது ஏறத்தாழ உணராத சமநிலையில் பதிக்கப்பட்டு, இடைவெளி எபொக்சிப் பிசினால் நிரப்பப்பட்டிருப்பதையே தேடுசுருள் என்கிறோம். செலுத்து சுருளில் சில கிலோஹேட்ஸ் முதல் சில பத்துக் கிலோஹேட்ஸ் வரையான மீடிறனில் (தமிழகத்து அன்பர்கள் அதிர்வெண் என்று கொள்க) ஆடலோட்டம் (மாறுதிசை மின்னோட்டம்) பாயும்போது, நிலத்துக்குள் கிடக்கும் உலோகத்தில் சுழல் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. அது பிறப்பிக்கும் சிறிய காந்தப்புலம் ஏற்கும் சுருளின் சமநிலையைக் குலைக்கும்போதுதான் கருவி ஒலிக்கிறது. இந்தச் சமநிலையைத் தாங்கி நிற்கும் கூடு ஒவ்வொரு நாளும் கல்லிலும் வேரிலும் உரசுகிறது. கூடு தேய்ந்து வெடித்தால் ஈரம் உட்புகும். பிசினுக்குள் பதிந்துவிட்ட சுருளைப் பிரித்துத் திருத்துவது நடைமுறையில் இயலாது. முழுச் சுருளையும் புதிதாக வாங்க நேரும். இதைத் தவிர்ப்பதற்காகவே, கூட்டின் அடிப்பக்க வடிவத்துக்கு ஏற்ப வார்க்கப்பட்டு, இரண்டு மூன்று மில்லிமீற்றர் தடிப்புள்ள இன்னோர் உறை வெளியே மாட்டப்படுகிறது. அது தேய்ந்தால் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றை மாட்டலாம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்த உறையின் தேவை வெளிப்படையானது. நம் நிலத்தின் அடியில் இருப்பது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். வலிகாமத்துச் செம்மண் காணிகளில் உழவு ஓடிய இடங்களில்கூட அந்தக் கல்லின் கூர்மையான சில்லுகள் மேலே கிடக்கின்றன. கரையோரங்களில் முருகைக்கல் அரம்போலச் சுரண்டுகிறது. உறையில்லாத சுருளின் அடிப்பக்கத்தைக் கவிழ்த்துப் பார்த்தால், வீச்சின் திசைக்கு இணையாக வளைந்த கீறல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடியிருப்பதையும், விளிம்பு வட்டம் மழுங்கி வெளிறியிருப்பதையும் காணலாம். ஆகவே, கல் நிலத்தில் வேலை செய்பவர் உறையை மாட்டத்தான் வேண்டும்.

ஆனால் மாட்டிய உறைக்கும் கூட்டுக்கும் இடையில் ஒரு மயிரிழை இடைவெளி எப்போதும் இருக்கிறது. ‘கவசம்’ என்ற சொல் நமக்குக் கேடு செய்வது இந்த இடத்தில்தான். கடந்த மாரியில் ஒரு பயிற்சிக் காணியில் கருவியொன்று கல்லில் தட்டும்போதெல்லாம் விட்டுவிட்டு ஒலித்தது. வடத்தைச் சந்தேகித்தார்கள், பற்றரியை மாற்றினார்கள். இறுதியில் உறையின் விளிம்பைக் கட்டைவிரல் நகத்தால் நெம்பிக் கழற்றியபோது, உட்புறம் முழுவதும் செம்மண் குழம்பாகி ஒட்டியிருந்தது. ஓரத்தில் அது காய்ந்து வளையமாக இறுகியிருந்தது. அதன் நடுவே பழைய தகரத்திலிருந்து உதிர்ந்த துருச் செதில் ஒன்று தளர்வாக ஆடிக்கொண்டிருந்தது. அதைத் துடைத்தெடுத்ததும் கருவி அடங்கிவிட்டது. ஏன் இவ்வளவு நாளும் கழற்றிப் பார்க்கவில்லை என்று கேட்டதற்குப் பயிலுநர் ஒருவர் தந்த பதில் என் மனத்தில் தைத்தது: “கவசம் எண்டு எழுதியிருக்கு, சேர். கவசத்தைக் கழட்டினால் பாதுகாப்பில்லைத்தானே?” அவரிடம் குறையில்லை. கையேடு சொன்ன பெயரை அவர் அதன் நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டார்.

அந்தச் செதில் ஏன் விட்டுவிட்டு ஒலித்தது என்பதையும் கையேட்டில் எழுத வேண்டும். பெரும்பாலான உலோகங்காட்டிகள் சுருள் அசையும்போது ஏற்படும் மாற்றத்தையே தேடுகின்றன. சுருளோடு சேர்ந்து அசைவின்றி ஒட்டியிருக்கும் பொருளின் விளைவு மாறாது நிற்பதால் கருவி அதை வடித்து ஒதுக்கிவிடுகிறது. ஆகவே, இறுக்கமாகப் பொருந்திய சுத்தமான உறையால் தொல்லை இல்லை. தளர்ந்து இடம் மாறும் துகள்தான் பொய்ச் சமிக்ஞை தருகிறது. உப்புநீரும் அப்படித்தான்: அது மின்னைக் கடத்துவதால், கடனீரேரிக் கரையில் வேலை செய்யும்போது உறைக்குள் புகுந்து அங்குமிங்கும் ஓடும் நீர் கருவியைக் குழப்பும். கரிய கனிம மணல் இன்னும் மோசமானது. புல்மோட்டைக் கரையின் இல்மனைற்று மணல் போன்ற இடங்களில் நுண்மணல் எந்த இடுக்கிலும் புகும். மணற்காட்டு மணற்குன்றுகளிலோ சுருளைக் கீறக்கூடிய கல் இல்லை. அங்கே உறையைக் கழற்றிவிட்டு வேலை செய்வதே நல்லது என்பேன். உறையின் விளிம்பைச் சிலிக்கோன் பசையால் முழுதும் அடைத்துவிடும் வழக்கமும் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை; அடைப்பு ஓரிடத்தில் விட்டால்கூட உட்புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் போகும், கழற்றிப் பார்க்கும் பழக்கமும் அற்றுப்போகும்.

உறை ஆழத்தைக் குறைக்கும் ஆதலால் கையேட்டில் அதைப் பரிந்துரைக்கவே கூடாது என்று கோவையிலிருந்து எழுதிய ஐயா அவர்களின் மறுப்பு கவனத்துக்குரியது. கணக்கிட்டுப் பார்ப்போம். 28 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வட்டச் சுருளின் நடு அச்சில், 20 சென்ரிமீற்றர் கீழே ஒரு சிறு உலோகத் துண்டு கிடப்பதாகக் கொள்வோம். புலம் கீழே போகவும் அதன் மறுமொழி மேலே வரவும் வேண்டியிருப்பதால், ஆரையின் வர்க்கத்தையும் தூரத்தின் வர்க்கத்தையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையின் மூன்றாம் அடுக்குக்கு நேர்மாறாகச் சமிக்ஞை மாறும். 3 மில்லிமீற்றர் உறையால் தூரம் அவ்வளவு கூடும்போது சமிக்ஞை ஏறத்தாழ 6 சதவீதம் குறைகிறது. பிளாஸ்ரிக் உறை புலத்தைத் தடுப்பதில்லை, தூரத்தைத்தான் கூட்டுகிறது. மறுபுறம், உறையில்லாத சுருளைக் கையில் எடுத்தவர் கீறல் விழுமே என்ற அச்சத்தில் அதை நிலத்திலிருந்து இரண்டு மூன்று சென்ரிமீற்றர் உயர்த்திப் பிடிப்பது இயல்பு. அதனால் வரும் இழப்பு உறையால் வருவதைப் போலப் பல மடங்கு. எனவே நீர்க்குழாய், புதைந்த எல்லைக் கட்டை போன்றவற்றைத் தேடுபவருக்கு உறையால் கிடைக்கும் ஆதாயம் இழப்பைவிடப் பெரிது.

மிதிவெடி அகற்றும் பணிக்கு இந்த வாதத்தை நான் அப்படியே நீட்ட மாட்டேன். போரில் பல ஆண்டுகள் முன்னரங்காக இருந்த முகமாலை போன்ற இடங்களில் புதைந்துள்ள மிதிவெடிகளில் மிகச் சிறிதளவு உலோகமே கொண்டவையும் உண்டு. அங்கே 6 சதவீதம் என்பது ஒரு மனிதரின் காலுக்கும் உயிருக்கும் உரிய கணக்கு. அந்தப் பணியில் உறை உண்டா இல்லையா என்பதை நிறுவனத்தின் செயன்முறை விதியும், வேலை தொடங்குமுன் சோதனைத் துண்டை வைத்துப் பார்க்கும் சோதனையும் தீர்மானிக்க வேண்டும். நாம் வலியுறுத்த வேண்டியது ஒன்று: உறையோடு வேலை செய்வதானால் சோதனையும் அதே உறையோடு நடக்க வேண்டும், உறையை மாற்றினாலோ கழற்றினாலோ மீண்டும் சோதிக்க வேண்டும். மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசெம்பரில் இணைந்தது. நிலத்தைத் துப்புரவாக்கி முடிக்க அதற்குரிய காலக்கெடு 2028 யூன். களத்தில் இப்போது நிற்பவர்களுக்குத் தமிழில் தெளிவான கையேடு இன்றே தேவைப்படுகிறது. சொல்லாக்கத்தில் நான் பிடிவாதமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனிச் சொற்களுக்கு வருகிறேன். கவசம் என்பதை விலக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. தேடுசுருளின் கூட்டுக்குள், கம்பிச்சுற்றைச் சூழப் பென்சிற்கரி கலந்த மின்கடத்தும் பூச்சு ஒன்று உண்டு. ஈரப் புல்லைத் தொடும்போது சுருளுக்கும் புல்லுக்கும் இடையே மின்னேற்றம் சேர்வதால் எழும் கொள்ளளவ விளைவால் கருவி தவறாக ஒலிக்காமல் அது தடுக்கிறது. கவசம் என்ற சொல்லை அந்தப் பூச்சுக்குத்தான் வைக்க வேண்டும். ஒரே சுருளில் இரண்டு கவசங்கள் இருந்து, ஒன்றை வேலை முடிந்தபின் கழற்ற வேண்டும், மற்றதை ஒருபோதும் தொடக் கூடாது என்றால், பயிலுநர் எதைத் தொடுவார்?

சுருள்மூடி கருவியின் பற்றரி மூடியோடு குழம்பும். புணர்த்தி எழுதினால் சுருண்மூடி என்றாகிச் சுருளே மறைந்துவிடும். சுருளுறை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பிசின் நிரப்பிய நிலையான கூட்டையும் அது குறிக்கக்கூடும். அடியுறை இடத்தை மட்டும் சொல்கிறது. தேய்தகடு என்ற பரிந்துரையில் வினை சரியானது, பெயர் சரியில்லை: செப்புத்தகடு, தகட்டு யந்திரம் என்று பழகிய நமக்குத் தகடு என்றாலே உலோகம். உலக்கையின் நுனிக்குப் பூண் கட்டுவதுபோல இது சுருளுக்குப் பூண் என்று வவுனியாவிலிருந்து அக்கா ஒருவர் எழுதியதை நான் மிகவும் விரும்பினேன். தேய்வதைத் தான் ஏற்று உடையவனைக் காப்பது பூண். வேலையின் இயல்பை அதைவிடத் துல்லியமாக எந்தச் சொல்லும் காட்டாது. ஆயினும் பூணும் இரும்புதான். சுருளுக்கு அருகில் உலோகம் இருப்பதே இந்தக் கருவிக்கு ஆகாத ஒன்று. 1881இல் அமெரிக்கச் சனாதிபதி காபீல்டின் உடலில் இருந்த துப்பாக்கிக் குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் உலோகங்காட்டியின் முன்னோடியான தூண்டற் சமநிலைக் கருவியைக் கொண்டுசென்றபோது, மெத்தைக்கு அடியில் இருந்த உருக்குக் கம்பிகள் அதைக் குழப்பின. பூண் என்று பெயரிட்டு, யாரோ ஒருவர் தகரத்தை வெட்டி மாட்டிவிடும் நிலையை நாம் உண்டாக்கக் கூடாது.

எனவே தேய்தகட்டின் வினையையும் சுருளுறையின் பெயரையும் சேர்த்துத் தேயுறை என்று முன்மொழிகிறேன். தேய்பிறை போல இதுவும் வினைத்தொகை: தேய்ந்த உறை, தேய்கின்ற உறை, தேயும் உறை என்று முக்காலத்துக்கும் விரியும். தேய் என்பது தான் தேய்தலையும் ஒன்றில் உரசுதலையும் குறிக்கும்; இந்த உறை இரண்டையும் செய்கிறது. தனிக்குறிலை அடுத்த மெய் அன்று ஆதலால் யகரம் இரட்டாது. தேய்யுறை என்று எழுதுவது பிழையாகும். தேயிலை நினைவுக்கு வருகிறதே என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். தேயிலை நம் நாவில் நன்கு ஊறிய சொல் ஆதலால், தேயுறையை யாரும் தேநீர்ப் பொதி என்று எண்ணப்போவதில்லை. கருவியைக் கையில் வைத்திருப்பவருக்கு அந்த மயக்கம் அறவே வராது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, தேயுறை என்று படித்தவர் அது தேய்ந்திருக்கிறதா என்று கழற்றிப் பார்ப்பார்.

களத்தில் ‘கொயில் கவர்’ என்றே சொல்கிறார்களே, அதையே எழுதினால் என்ன என்று ரொறன்ரோவிலிருந்து கேட்ட தம்பிக்கு: பேச்சில் அது இருக்கட்டும், யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் அதே களத்தில் பற்றரிக்கும் கவர், மழைக்குப் பெட்டிமேல் போடுவதும் கவர். “கவரைக் கழட்டித் துடை” என்று உரக்கச் சொன்னால், மூன்று பேர் மூன்றைக் கழற்றுகிறார்கள். எழுதும் கையேட்டில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனிப்பெயர் வேண்டும். சுருள், சுருட்கூடு, கவசம், தேயுறை என்று நான்கையும் பிரித்துவிட்டால் ஒன்றோடொன்று முட்டாது.

சொற்பதிவுக்கான வரைவு இது: “தேயுறை – உலோகங்காட்டியின் சுருட்கூட்டைக் கல், மண் ஆகியவற்றின் உரசலிலிருந்து காக்க அதன் அடிப்பக்கத்தில் மாட்டப்படும், கழற்றி மாற்றத்தக்க, உலோகமற்ற மெல்லிய உறை. வேலை முடிந்தபின் கழற்றிக் கழுவி, இரு பாகங்களையும் உலர்த்தியே மீண்டும் மாட்ட வேண்டும்.” கலைச்சொல் விளக்கத்தில் பராமரிப்புக் குறிப்பு இடம்பெறுவது மரபன்று என்று சிலர் கருதக்கூடும், இந்தச் சொல்லுக்கு அது இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நடுவில் திறப்புள்ள, ஆரைச்சட்டங்களோடு கூடிய சுருள்களுக்கு முழு வட்ட உறையும் வளைய உறையும் தனித்தனியே கிடைக்கின்றன. இவற்றுக்கு முழுத்தேயுறை, வளையத்தேயுறை என்று கொள்ளலாமா, அங்கே வல்லினம் மிகுமா என்பதை இலக்கணம் அறிந்தவர்கள் உறுதிப்படுத்தினால் அடுத்த பதிப்பில் சேர்த்துவிடலாம்.

அன்புடன்,
யாழ்ப்பாணத்திலிருந்து