ஏசியில் கேஸ் தீர்வதில்லை, கசிகிறது

வீட்டில் மின்சாரத்தைக் குறைத்தால் என் பங்கு முடிந்தது என்று நினைத்திருந்தேன். எல்லா பல்பும் எல்இடி. ஏசியை 26 டிகிரிக்குக் கீழே வைப்பதில்லை. ஆனால் அதே ஏசிக்கு மூன்று கோடையிலும் கேஸ் நிரப்பினேன். சர்வீஸுக்கு வருபவர் மீட்டரை மாட்டிப் பார்த்து, "கேஸ் கம்மியா இருக்கு சார்" என்பார். நானும் சரி என்பேன். பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீரும் போல என்று நம்பினேன்.

நான்காவது வருடம் வேறொருவர் வந்தார். "கேஸ் செலவாகாதுங்க, அடைச்ச குழாய்க்குள்ளதான் சுத்தும். குறைஞ்சா எங்கேயோ ஓட்டைன்னு அர்த்தம்" என்றார். இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவினார். வெளி யூனிட்டில் குழாய் சேரும் நட்டைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் குமிழிகள் வந்தன. மிச்சமிருந்த கேஸை வெளி யூனிட்டுக்குள் இழுத்து அடைத்துவிட்டு, குழாய் முனையை வெட்டி, புதிதாக விரித்து இறுக்கினார். வேக்கம் பம்ப் போட்டுக் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றி, குறைந்திருந்த அளவை மட்டும் எடை பார்த்து நிரப்பினார்.

அவர் போன பிறகு யூனிட்டின் ஸ்டிக்கரைப் படித்தேன். உள்ளே இருந்த கேஸின் பெயர் ஆர்-410ஏ. இது ஓசோனைக் கெடுக்காது; ஆனால் 100 ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ, ஏறக்குறைய 2,000 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாக வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. மூன்று முறையும் சேர்த்து நான் நிரப்பியது ஒரு கிலோவுக்கு மேல். அத்தனையும் அந்த நட்டு வழியாக வெளியே போனதுதான். இரண்டு டன்னுக்கும் அதிகம்! ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வருகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் 900 லிட்டர் பெட்ரோலைக் கொளுத்தியதற்குச் சமம். பல்பு மாற்றியதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு அன்று இரவு மனசே சரியில்லை.

அப்புறம் இரண்டு கோடை போய்விட்டது. கேஸ் நிரப்பவே இல்லை.

*

மேலே ஒருவர் எழுதிய இந்த ஏசி கதையைப் படித்ததும் நாங்கள் வீடு மாறிய நாள் நினைவுக்கு வந்தது. ஏசியைக் கழற்ற வந்த பையன் நேராக ஸ்பேனரை வைத்தான். உஸ்ஸென்று சத்தம், வெள்ளையாகப் புகை. "காத்துதான்க்கா" என்றான். முழு கேஸும் போய்விட்டது.

அடுத்த முறை மாறும்போது போனிலேயே கேட்டேன்: "பம்ப் டவுன் பண்ணித்தானே கழட்டுவீங்க?" ஒரு வால்வை மூடி, ஏசியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் ஏறக்குறைய எல்லா கேஸும் வெளி யூனிட்டுக்குள் போய்விடும், இன்னொரு வால்வையும் மூடினால் அங்கேயே நிற்கும். சில நிமிட வேலைதான். கேட்காவிட்டால் பலர் செய்வதில்லை என்பதுதான் வருத்தம். புது இடத்தில் அதே கேஸோடு ஓடுகிறது.

*

மேலே இருவரும் ஏசியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்; எங்கள் கதை பழைய ஃபிரிட்ஜ். இடத்தை அடைக்கிறது என்று பழைய இரும்பு வாங்குபவரிடம் கொடுத்தோம். அவர் வாசலிலேயே கம்ப்ரஸர் குழாயை வெட்டினார். அதில் இருந்தது ஆர்-12 என்ற கேஸ். கரியமில வாயுவைவிடப் பத்தாயிரம் மடங்கு சூடேற்றுவது, ஓசோனையும் அரிப்பது. 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தம் ஒழிக்க முனைந்ததே அந்த வகை வாயுக்களைத்தான். எனக்கு அது தெரிந்தது மிகத் தாமதமாக.

புது ஃபிரிட்ஜை, உள்ளே இருப்பது ஆர்-600ஏ என்ற கேஸ்தானா என்று பார்த்து வாங்கினேன். சூடேற்றும் திறன் மிகக் குறைவு. தீப்பிடிக்கக்கூடியது என்பதால் பழுது பார்க்கப் பயிற்சி உள்ளவரைத்தான் கூப்பிட வேண்டும். அம்மா வீட்டில் இன்னொரு பழைய ஃபிரிட்ஜ் நிற்கிறது. கேஸை உறிஞ்சி எடுத்த பிறகே உடைக்கும் மின்கழிவு மையத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அதுவரை யாரும் அதைத் தூக்கக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.