மாண்டலேலேருந்து வந்த 85 எம்எம்

பழைய லென்ஸ் வாங்கி பட்ட கதைய எல்லாரும் சொல்றீங்க, என் பங்குக்கு இது. 2018-ல ரங்கூன்லயே ஒருத்தர் ஆன்லைன்ல போட்டிருந்த 50 எம்எம் 1.8 லென்ஸ், போட்டோல பளபளன்னு இருந்துச்சு, வாங்கிட்டு வந்து பின்னாடிலேருந்து டார்ச் அடிச்சா உள்ள சிலந்தி வலை கட்டுன மாதிரி ஃபங்கஸ், அதான் பூஞ்சை. நம்ம ஊர்ல மே கடைசியில புடிக்கிற மழை அக்டோபர் வரைக்கும் விடாது, பீரோவுல வச்ச தோல் செருப்பே பூத்துப்போவுது, லென்ஸ் எந்த மூலைக்கு. சுத்தம் பண்ணியும் பிரயோஜனமில்ல, கண்ணாடி மேல பூசியிருக்குற கோட்டிங்க அரிச்சிருந்துச்சு, வெளிச்சத்துக்கு எதிரா எடுத்தா படம் வெளிறிப்போவும்.

அதுலேருந்து வாங்குனா பர்மாவுக்குள்ளயே வடக்கத்தி ஆளுங்ககிட்டதான், மாண்டலே பக்கம் வறண்ட பூமியில்ல. மறு வருஷம் அங்க ஒருத்தர் நிக்கான் 85 எம்எம் 1.8டி போட்டாரு, 3 லட்சம் கியாட். விடுவனா நானு, டார்ச் அடிச்சு வீடியோ கேட்டேன், வெளிச்சத்த கூட்டிக் குறைக்கிற பிளேடுல எண்ணெ கசிஞ்சிருக்கான்னு அத அசைக்கிற அப்பர்ச்சர் ரிங்க திருப்பிக் காட்டச் சொன்னேன், கேமராவுல மாட்டுற மவுண்ட்டு திருகாணிய கிட்டக்க போட்டோ கேட்டேன் (தலை தேஞ்சிருந்தா யாரோ கழட்டிப் பாத்திருக்காங்க), மனுஷன் சலிக்காம அனுப்பினாரு. ராத்திரி பஸ்ஸுல ஏத்திவிட்டத காலையில ரங்கூன் அவுங் மிங்கலா பஸ் ஸ்டாண்டுல போய் வாங்கினேன். கண்ணாடி பச்சத்தண்ணி மாதிரி.

கேமராவுல மாட்டுனா எஃப்ஈஈ-ன்னு எரர். ரிங்க 16-ல லாக் பண்ணணுமாம், பண்ணேன். அப்பவும் ஃபோக்கஸ் அசையல. செத்த லென்ஸ என் தலையில கட்டிட்டியான்னு போன்ல சண்டைக்கே போய்ட்டேன். அவரு கேட்டது ஒண்ணுதான், "பாடி எது?", அதான் கேமரா எதுன்னு. டி5300-ன்னேன். அப்பறந்தான் புரிஞ்சுது, இந்த லென்ஸுக்குள்ள ஃபோக்கஸ் பண்ற மோட்டாரே கிடையாது, பாடியில இருக்கணும், டி90-ல இருக்கு, என்னோடதுல இல்ல. அத்தன கேள்வி கேட்ட மவராசன் நானு, இத மட்டும் கேக்கல. பீலிக்கான் கோயில் தீமிதிய ஃபோக்கஸ கையால திருப்பித் திருப்பித்தான் எடுத்தேன், பாதிப் படம் ஃபோக்கஸ் அவுட்டு.

பதில்:
அண்ணே, நான் மோல்மேன் ஊரு. இங்க ஒரு பெரியவர்கிட்ட வாங்குன டாக்குமார் 50 எம்எம் 1.4 லென்ஸ், கண்ணாடி டீத்தண்ணி கலர்ல இருந்துச்சு. ஏமாந்துட்டோம்னு நெனச்சேன், அப்பறந்தான் அது தோரியம்ங்கிற கதிரியக்கப் பொருள் கலந்த கண்ணாடி, நாளாக நாளாக மஞ்சளிக்கும், வெயில் பட்டா தெளியும்னு தெரிஞ்சுது. தை மாசத்துல ஜன்னலோரம் மூணு வாரம் வச்சேன், நல்லாவே தெளிஞ்சுருச்சு. ஆனா பின்பக்கம் மூடாம வச்சுட்டேன், லென்ஸ் வழியா வெயில் குவிஞ்சு மரத்தரையில சுருட்டு சுட்ட மாதிரி கருப்பு வட்டம், அம்மா இன்னும் அதுமேல பாய் போட்டுத்தான் வச்சிருக்காங்க.